ஏழாவது குழாய் வரை

சங்கரன்கோவில்
4-3-1957

அன்புள்ள தங்கச்சி சுந்தரத்துக்கு அக்காள் கோமதித்தாய் எழுதிக்கொண்டது. அம்மன் புண்ணியத்தில் இங்கு எல்லோரும் சுகம். மெட்ராஸில் உன் சுகத்தையும், ஆஸ்பத்திரி லேபரட்டரி வேலை எப்படி நடக்கிறது என்பதையும் எழுது.

தை மாதம் எனக்கு டைபாய்டு வந்து படுத்துவிட்டேன். நீ பதறுவாய் என்று எழுதவில்லை. டாக்டர் புதிதாக வந்திருக்கிற மாத்திரை கொடுத்தார். இருபது நாள் சாப்பிட்டதில் காய்ச்சல் விட்டது. தலைமுடிதான் கொத்தாகப் போகிறது. கரிசல் பருத்தி வர ஆரம்பித்துவிட்டது. அத்தான் காலையில் பேட்டைக்குப் போனால் விளக்கு வைத்துத்தான் வருகிறார்கள். நான் இப்போது பின்கட்டில் பருத்தி போடுகிற அறையில் படுத்துக்கொள்கிறேன். அங்கே காற்று நன்றாக வருகிறது.

உடம்பில் வேறொரு சின்ன உபத்திரவமும் இருக்கிறது. பெண்கள் சமாசாரம். அரிப்பும் எரிச்சலும். உங்கள் ஆஸ்பத்திரியில் களிம்பு ஏதும் கிடைத்தால் அனுப்பு. பெரிதாக ஒன்றுமில்லை.

பதிலை வீட்டுக்குப் போடாதே. நம்மோடு ஐந்தாம் வகுப்புப் படித்த ஆமினாள் இப்போது பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். அவள் பெயருக்குப் போடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

கோமதித்தாய்


மெட்ராஸ்
10-3-1957

அக்காவுக்கு சுந்தரம்மாள் எழுதுவது. நான் சுகம். நீ சுகமில்லை. அதை நீயே எழுதியிருக்கலாம்.

பருத்தி அறையில் காற்று வருகிறதா? அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. நானும் அந்த வீட்டில்தான் பிறந்தேன். பன்னிரண்டு வருஷமாக அந்த வாசலை மிதிக்கவில்லை என்பதற்காக எந்தச் சுவரில் எது இருக்கிறது என்று மறந்துபோகுமா? யார் உன்னை அங்கே படுக்கச் சொன்னது? நேராக எழுது.

களிம்பு அனுப்பமாட்டேன். என்ன கிருமி என்று தெரியாமல் மருந்து போடுவது இருட்டில் கல்லெறிகிற வேலை. இத்துடன் ஆமினாள் பெயருக்கு ஒரு சின்ன மரப்பெட்டி வருகிறது. உள்ளே இரண்டு கண்ணாடிக் குழாய், இரண்டு கண்ணாடித் துண்டு, சுத்தம் செய்த பஞ்சுக் குச்சி. குழாயின் அடியில் சாய்வாக உறைந்திருப்பது கிருமி வளர்வதற்கான தீனி. குச்சியால் எப்படி எடுக்க வேண்டும், துண்டில் எப்படித் தடவ வேண்டும், குழாயில் எப்படித் தீற்ற வேண்டும் என்று அவளுக்குத் தனியாகக் காகிதம் எழுதி வைத்திருக்கிறேன். பிரசவம் பார்க்கிறவளிடம் உனக்கு என்ன வெட்கம்?

இன்னொன்று. "பெரிதாக ஒன்றுமில்லை" என்று இனி எனக்கு எழுதாதே. அப்பா நெஞ்சுவலியில் கிடந்தபோதும் இதையேதான் எழுதினாய். நான் வந்து சேர்ந்தபோது பாடை கட்டியாகிவிட்டது.

சுந்தரம்மாள்


சங்கரன்கோவில்
24-3-1957

அன்புள்ள சுந்தரத்துக்கு அக்காள் ஆசீர்வாதம். உன் கடிதம் வந்தது. கோபமாக எழுதினாலும் எழுதினாயே, அதுவே போதும்.

ஆமினாள் பெட்டியை ரிஜிஸ்டரில் அனுப்பிவிட்டாள். அவள் முன்பே ஒரு நீல மருந்து தடவினாள். கொஞ்சம் கேட்டது. ஆனால் சேலையெல்லாம் கறை. அத்தான் பார்த்துவிட்டார்கள். மூன்றாம் நாளே நிறுத்திவிட்டேன்.

நேராக எழுது என்றாய். எழுதுகிறேன். காய்ச்சல் தேறி எழுந்த பிறகு ஒருநாள் அத்தான், "இத எங்கேருந்துட்டி வாங்கிட்டு வந்தே?" என்று கேட்டார்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. எதையோ கடையில் வாங்கியதைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, "எதை?" என்றேன். அன்றைக்கே என் பாயைப் பருத்தி அறையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். தட்டு, செம்பு எல்லாம் தனி. கிணற்றடிக்கு நான் கடைசியாகத்தான் போக வேண்டும். வெட்டை நோய் என்கிறார்கள். நல்ல வீட்டுப் பெண்ணுக்கு வராது என்கிறார்கள்.

சுந்தரம், மெட்ராஸில் அப்படித்தான் என்று தெரிந்தால் எனக்கு எழுதாதே. ஆமினாளுக்கு எழுது. அவள் சொல்லட்டும். கடிதத்தில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கோமதித்தாய்


மெட்ராஸ்
3-4-1957

அக்கா,

உனக்கே எழுதுகிறேன். நீயே படி, உரக்கப் படி. உனக்கு வெட்டை நோய் இல்லை.

கண்ணாடித் துண்டைச் சாயம் ஏற்றி நான் பார்த்தேன். பிறகு பெரிய டாக்டரம்மா பார்த்தார்கள். அந்தக் கிருமி ஒன்றுகூடக் கிடையாது. குழாயில் இரண்டு நாளில் வெள்ளை வெள்ளையாகத் தயிர்த்துளி போல வளர்ந்தது. மூடியைத் திறந்தால் புளித்த ஆப்ப மாவு வாசனை. மைக்ராஸ்கோப்பில் முட்டை முட்டையாக, முளைவிட்ட உளுந்து போல இருக்கிறது. இது ஈஸ்ட் என்கிற காளான் கிருமி. எல்லோர் உடம்பிலும் கொஞ்சம் இருப்பதுதான். காய்ச்சலுக்கு நீ தின்ற மாத்திரை அதை அடக்கி வைத்திருந்த மற்றக் கிருமிகளைக் கொன்றுவிட்டது. காவல்காரன் செத்தான், இது கொழுத்தது. அவ்வளவுதான். இதில் நல்ல வீடு எங்கே வந்தது, கெட்ட வீடு எங்கே வந்தது? இதையா அந்த மனுஷன் உன்னிடம் கேட்டார்?

எந்த மருந்துக்குச் சாகும் என்றும் பார்த்துவிட்டேன். பத்துக் குழாய். முதல் குழாயில் மருந்து நிறைய, அடுத்ததில் பாதி, அதற்கடுத்ததில் அதிலும் பாதி, இப்படியே ஒன்பது வரை. பத்தாவதில் மருந்தே இல்லை. எல்லாவற்றிலும் உன் கிருமியை ஒரே அளவாக விட்டு, இரண்டு நாள் கழித்து ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளி எடுத்துத் தட்டில் தீற்றி, எதில் முளைக்கிறது என்று பார்க்க வேண்டும். நீல மருந்துக்கு நான்காவது குழாய் வரை செத்திருந்தது. நிஸ்டாட்டின் என்று வெளிநாட்டிலிருந்து வந்த புது மருந்துக்கு ஏழாவது குழாய் வரை செத்திருந்தது. பூஞ்சையான கிருமி, அக்கா. ஒரு சிட்டிகைக்கே செத்துப்போகிறது.

டாக்டரம்மா தன்னிடம் இருந்ததில் முப்பது மாத்திரை கொடுத்தார்கள். காலையில் ஒன்று, படுக்கப்போகும்போது ஒன்று, உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து நாள்.

இதை ஆமினாளுக்கு அனுப்பவில்லை. உன் பெயருக்கு, நம் அப்பா கட்டிய வீட்டு விலாசத்துக்கே ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வீட்டுப் பத்திரம் உன் பேரில் இருக்கிறது. நீ ஏன் திருடி மாதிரி மருந்து வாங்க வேண்டும்? ஊரறிய வந்து சேரட்டும்.

சுந்தரம்மாள்


சங்கரன்கோவில்
27-4-1957

அன்புள்ள சுந்தரத்துக்கு அக்காள் ஆசீர்வாதம். வெயில் கொளுத்துகிறது. அங்கேயும் அப்படித்தான் இருக்கும். மோர் குடி.

மருந்து வந்தது. அத்தான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். இரண்டு நாள் கழித்து, "இந்தா, ஒந் தங்கச்சி அனுப்புன மருந்து" என்று அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

பதினோரு நாள் வைத்தேன். கேட்கவில்லை. கூடித்தான் போயிருக்கிறது. நடக்கவே முடியவில்லை. அதற்குமேல் வைக்கப் பயமாக இருந்தது, நிறுத்திவிட்டேன். அத்தான் சொல்கிறார்கள், "மெட்ராஸ் மருந்துக்கே அடங்கலேன்னா அது என்ன நோயின்னு தெரியலியா?" என்று. தென்காசி வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். புதுச் சட்டத்தில் ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கட்ட முடியாதாம். ஆனால் இந்த மாதிரி நோய் உள்ளவளைப் பிரித்துவைக்க வழி இருக்கிறதாம். சிவகிரியில் பெண் பார்த்திருக்கிறதாகப் பேச்சு.

பதினாலு வருஷத்தில் ஒரு பிள்ளை பெற்றுத்தர முடியாதவளுக்கு வேறென்ன கிடைக்கும்? நீ உன் வேலையைப் பார். இதை விட்டுவிடு.

கோமதித்தாய்


மெட்ராஸ்
1-5-1957

அக்கா,

விடமாட்டேன்.

மருந்து கேட்கவில்லை என்றால் இரண்டே காரணம்தான். ஒன்று, கிருமி மாறியிருக்க வேண்டும். அல்லது மருந்து உள்ளே போகவில்லை. ஒரு மாதத்தில் கிருமி அப்படி மாறும் என்று டாக்டரம்மா நம்பவில்லை. நானும் நம்பவில்லை. உன் கிருமியை வீசிவிடாமல் வைத்திருந்தேன். உன் கடிதம் வந்த அன்றே மறுபடி குழாய் வைத்தேன். ஏழாவது குழாய் வரை செத்துத்தான் கிடக்கிறது. குழாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது. உனக்குத் தெரியும்.

உண்மையைச் சொல். மாத்திரையைக் கிணற்றில் போட்டாயா? தலைவிதி என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாயா? உனக்கு அது கைவந்த கலை. யாராவது உன்னை மிதித்தால் இன்னும் கொஞ்சம் குனிவாய். பக்கத்தில் ஒருத்தியை மிதித்தாலும் குனிந்துதான் இருப்பாய். நான் பார்த்திருக்கிறேன்.

மீதி மாத்திரையை அப்படியே அனுப்பு. ஆமினாளிடம் சொல்லிப் புதிதாக ஒரு குழாயும் எடுத்து அனுப்பு. இந்த முறை எல்லாம் அவள் வழியாகவே நடக்கட்டும்.

சுந்தரம்மாள்


மெட்ராஸ்
20-5-1957
(கார்டு)

அக்காவுக்கு. பத்தொன்பது நாள் ஆயிற்று. கேட்டது எதுவும் வரவில்லை. கார்டு என்பதால் விவரம் எழுதவில்லை. இன்னும் ஒரு வாரத்தில் வராவிட்டால் லீவு போட்டுவிட்டு நேரில் வருவேன். யார் தடுத்தாலும் வருவேன்.

சு.


சங்கரன்கோவில்
2-6-1957

அன்புள்ள தங்கச்சிக்கு.

கார்டை அத்தான் படித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். பரவாயில்லை. வீட்டுக்கு எழுதாதே என்று நான் சொன்னதும் நீ கேட்கவில்லை, இதை விட்டுவிடு என்று சொன்னதும் கேட்கவில்லை.

நான் மாத்திரையைக் கிணற்றில் போடவில்லை. பதினோரு நாளும் ஒருவேளை தவறாமல், பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தேன். நீ என்னைப் பொய்க்காரி என்றாய். அதற்குமேல் எழுதியதும் எனக்குப் புரிந்தது. அதைப் படித்துவிட்டுப் பத்துநாள் பேனாவைத் தொடவில்லை. உன்மேல் கோபம் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் உன்மேல் இல்லை.

வக்கீல் நோட்டீசு வந்துவிட்டது. இங்கிலீஷில் இருந்ததால் ஆமினாள்தான் வாசித்துச் சொன்னாள். தன் கட்சிக்காரருக்குத் தெரியாமல் தீய வழியில் நோய் வாங்கியவள் என்று என் பெயரைப் போட்டு, அப்பா பெயரையும் போட்டு, டைப் அடித்திருக்கிறார்கள். அப்பா பெயரை ஏன் போட வேண்டும், சுந்தரம்? அவர் செத்து எத்தனை வருஷமாயிற்று.

மாத்திரை எட்டு மிச்சம். புதுக் குழாயும் எடுத்திருக்கிறது. எல்லாம் இதோடு வருகின்றன.

சீக்கிரம் பார்த்துச் சொல்.

கோமதித்தாய்


மெட்ராஸ்
9-6-1957

அக்கா,

நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார முடியவில்லை.

நீ அனுப்பிய மாத்திரையைப் பொடித்து வழக்கம்போலப் பத்துக் குழாய் வைத்தேன். பத்திலும் முளைத்திருக்கிறது. முதல் குழாயில், மருந்து நிறைய இருக்க வேண்டிய குழாயில், மற்றதைவிடச் செழிப்பாக முளைத்திருக்கிறது. அதே நாள், அதே கிருமிக்கு, நம் ஆஸ்பத்திரி மாத்திரையைப் போட்ட வரிசையில் ஏழு வரை செத்துக் கிடக்கிறது. அப்புறம்தான் அந்தப் பொடியில் ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கண்ணாடி நிறைய ஈஸ்ட். செத்துப்போன ஈஸ்ட். மருந்துக்கடையில் உடம்புக்குச் சத்து என்று டப்பாவில் விற்கிறார்களே, அந்த ஈஸ்ட் மாத்திரை. நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஈஸ்ட்டைக் கொல்ல நான் அனுப்பிய மருந்தை எடுத்துவிட்டு, ஈஸ்ட்டையே உன் கையில் கொடுத்திருக்கிறார்கள். புண்ணுக்கு மருந்து என்று புண்ணுக்குத் தீனி.

உன் முகத்தைப் பார்த்துப் பேசினாராம். நீ சந்தோஷமாக வாங்கிக்கொண்டாயாம். அந்த வரியை நேற்று எத்தனை தரம் படித்தேன் என்று தெரியவில்லை. அக்கா, உனக்கு நோய் தீர்ந்துவிட்டால் அவருக்கு வழக்கு இல்லை. அதற்காகப் பதினோரு நாள் நீ பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததைப் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

என் பங்கும் இதில் இருக்கிறது. ஆமினாளுக்கு அனுப்பு என்று நீ சொன்னாய். நான்தான் வீறாப்பாக வீட்டு விலாசத்துக்கு அனுப்பினேன். அந்த வாசலில் என் கையெழுத்து போய் விழ வேண்டும் என்று எனக்கு ஆசை. என் கோபத்துக்காக நீ அனுபவித்தாய். உன்னைப் பொய்க்காரி என்றதும் நான்தான். தப்பு, அக்கா.

புது மாத்திரை முப்பது ஆமினாள் கைக்கு வருகிறது. அவள் வீட்டுக்குப் போய், அவள் எதிரிலேயே வைத்துக்கொள். கூடவே டாக்டரம்மா கையெழுத்திட்ட ரிப்போர்ட் இரண்டு. வெட்டை நோய்க் கிருமி இல்லை என்பது ஒன்று. எந்த மருந்துக்கு எந்தக் குழாய் வரை என்பது இன்னொன்று. அதில் கடைசி வரி, "நோயாளியிடம் கொடுக்கப்பட்டிருந்த மாத்திரை மருந்தல்ல, ஈஸ்ட்" என்பது. அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி அரைமணி நேரம் டாக்டரம்மாவிடம் சண்டை போட்டேன். கடைசியில் அவர்களே மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு எழுதினார்கள்.

இதை வைத்து என்ன செய்வது என்று நான் சொல்லமாட்டேன். நான் சொல்லி நீ செய்தால் அது என் கோபம். உனக்கென்று ஒன்று இருக்கிறதா என்று பார்.

சுந்தரம்மாள்


சங்கரன்கோவில்
31-7-1957

அன்புள்ள சுந்தரத்துக்கு உன் அக்காள் கோமதித்தாய் எழுதுவது. நான் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம்.

மருந்து வைத்த நான்காம் நாளே எரிச்சல் அடங்கியது. பத்தாம் நாள் ஆமினாள் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லட்டி, சுத்தமாப் போச்சு" என்றாள். முப்பதையும் முடித்தேன். அதன் பிறகுதான் பேச வேண்டும் என்று இருந்தேன். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

போன வெள்ளிக்கிழமை அத்தானின் தாய்மாமா மூக்காண்டி மாமாவும் இன்னும் நாலு பெரியவர்களும் வீட்டுக்கு வந்தார்கள். நோட்டீசுக்கு நான் பதில் போடாததால், நாலு பேரை வைத்துப் பேசி, பிரிந்துபோகச் சம்மதம் என்று என்னிடம் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று அத்தான் கூட்டி வந்தது. நான் அடுக்களைக் கதவருகில் நின்றிருந்தேன். நோய், மானம், குடும்பம் என்று பேசினார்கள். நான் கூடத்துக்கு வந்து ரிப்போர்ட்டை மாமா கையில் கொடுத்தேன். அது இங்கிலீஷ். அதனால் நீ எழுதியிருந்ததை நானே தமிழில் சொன்னேன். வெட்டை நோய் என்ற வார்த்தையையும் சொன்னேன். அத்தனை ஆண்கள் நடுவில் என் வாயிலிருந்து அது வந்ததும் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மாமா, "மெட்ராஸ்ல எவளோ எழுதுன காயிதத்த நாங்க எப்படிம்மா நம்ப?" என்றார்.

"எவளோ இல்ல மாமா. என் தங்கச்சி பாத்தது, டாக்டரம்மா கையெழுத்துப் போட்டது. நம்பிக்கை இல்லேன்னா ஒங்க மருமகனையும் கூட்டிட்டுப் போயி இதே மாதிரி சோதிச்சுப் பாருங்க. ரெண்டு பேரு காயிதத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க" என்றேன்.

"ஏட்டி, யார்ட்ட என்ன பேசுத?" என்று அத்தான் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்கள். நான் நகரவில்லை. ஏன் நகரவில்லை என்று எனக்கே தெரியாது. கால் நகரவில்லை.

ஆமினாளின் வீட்டுக்காரர் நஜ்முதீன் மருந்துக்கடையில் நிற்கிறார். அவரை வரச் சொல்லியிருந்தேன். "சித்திரப் பொறப்புக்கு முன்னால அண்ணாச்சிதான் ஈஸ்ட் மாத்திரை ஒரு டப்பா வாங்குனாவ. 'மஞ்சளா, சின்னதா இருக்கணும், பேரு போட்டிருக்கக் கூடாது'ன்னு கேட்டாவ. நாலு டப்பாவத் தெறந்து காட்டுனேன்" என்றார். மாமா அத்தானைப் பார்த்தார். அத்தான் தரையைப் பார்த்தார்கள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டு, "எந்திரிங்கய்யா, போவோம்" என்று இறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலம் அத்தான் பின்கட்டுக்கு வந்தார்கள். "அந்தக் காயிதத்தக் கிழிச்சுப் போடு. சிவகிரிப் பேச்ச விட்டிருதேன். பழையபடி இருப்போம்" என்றார்கள். பழையபடி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. "பத்திரம் எம் பேருல இருக்கு. ஒங்க வேட்டி சட்டையெல்லாம் மூட்டை கட்டி முன்னால வச்சிருக்கேன்" என்றேன். இளையரசனேந்தலில் அவர்கள் அண்ணன் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. நோட்டீசை வாபஸ் வாங்கி வக்கீலிடமிருந்து காகிதம் வந்திருக்கிறது.

தெருவில் எல்லோரும் நான் அழுவேன் என்று வந்து வந்து பார்க்கிறார்கள். அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது. சோறு பொங்கும்போது வருகிறது, கோயிலுக்குப் போனால் அங்கேயும் வருகிறது. எனக்கென்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டாயே, இருக்கிறது. வந்ததுதான் பிந்திவிட்டது.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உன் புருஷன் செத்து நீ திரும்பி வந்தபோது, விதவை இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்றது அத்தான். பத்திரம் அப்போதும் என் பேரில்தான் இருந்தது. உன்னை விடியுமுன் புழக்கடை வழியாக வண்டியில் ஏற்றினார்கள். நான் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்ததால் வர முடியவில்லை என்று உனக்கு எழுதினேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். நீ இரண்டு தடவை "அக்கா" என்று கூப்பிட்டாய். இரண்டும் கேட்டது.

ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. ஊரெல்லாம் கூட்டம். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நீ வர வேண்டாம். எல்லாம் முடிந்து தெரு வெறிச்சோடிக் கிடக்கிற ஒரு நாளில் வா. எல்லோரும் பார்க்கப் பட்டப்பகலில் வா. முன்வாசல் வழியாக வா. உள்ளே வந்ததும் என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. நான் குனியாமல் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் அக்காள்
கோமதித்தாய்